ஆடி மாதத்தில் பாணேர்: வெயில் மறைந்தால் வீட்டில் என்ன ஆகிறது?

ஜூன் இரண்டாவது வாரத்தில் பாணேர் துக்காய் குன்றின் மேல் முதல் மேகம் வந்து படிந்தால் புனே நகரமே கொண்டாடும். ஏப்ரலும் மேயும் நாற்பது டிகிரியில் வறுத்தெடுத்த பிறகு வரும் மழை அல்லவா? டீக்கடைகளில் வெங்காயப் பஜிக்குக் கூட்டம் நெரிசலாக நிற்கும். நம்மவர்களும் அந்த முதல் வாரத்தில் மாடியில் நின்று மழையை ரசிப்பார்கள். ஊருக்குப் போன் போட்டு, "இங்கே குளுகுளுவென்று இருக்கிறது" என்று பெருமையடித்துக் கொள்வார்கள்.

ஆனால் ஆடி பிறந்து ஒரு வாரம் போகட்டும். அதே வீட்டில் பேச்சு மாறிவிடும். துணி காயவில்லை, கூடத்தில் கொடி கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டும் ஈரவாடை போகவில்லை. பெண்களுக்குத் தலை காயவில்லை. குழந்தை எழுந்திருக்க மறுக்கிறது. ஆபீஸிலிருந்து வந்தவர் சோபாவில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அடுப்படியில் பாத்திரம் வழக்கத்தைவிடச் சத்தமாக வைக்கப்படுகிறது. "உனக்கு என்ன வந்தது?" என்று அவர் கேட்க, "உங்களுக்கு என்ன வந்தது?" என்று இவர் கேட்க, இரண்டு பேருக்கும் விடை தெரியாமலே அந்த வாரம் கழிகிறது.

விடையில் ஒரு பங்கு ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் உலகத்தின் பல ஆராய்ச்சிக் கூடங்களில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் இதைத்தான் துருவிக் கொண்டிருக்கிறார்கள்.

சூரியன் போன இடம்

பாணேரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பாஷாணில்தான் இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகம் இருக்கிறது. 1962-ல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தின் வேலையே பருவமழையை ஆராய்வது. சிவாஜி நகரில் வானிலை இலாகாவின் பழைய கட்டடம் இருக்கிறது. 1928-ல் சிம்லாவிலிருந்து இங்கே மாற்றப்பட்டதால் புனேக்காரர்கள் இன்றைக்கும் அதை "சிம்லா ஆபீஸ்" என்றுதான் சொல்கிறார்கள். ஆக, நாட்டில் மேகத்தைப் பற்றி அதிகம் தெரிந்த ஊர்களில் ஒன்றில்தான் நம்மவர்கள் குடியிருக்கிறார்கள்.

கணக்கைப் பார்த்தால் புனேயில் மழை ஒன்றும் அதிகமில்லை. ஆண்டுக்குச் சுமார் 720 மில்லிமீட்டர். சென்னையில் இதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பெய்கிறது. சகியாத்திரி மலை மேற்கே நின்று மழையை வாங்கிக் கொண்டு விடுவதால், புனேவுக்கு வருவது மீதிதான். பிறகு ஏன் இந்த அலுப்பு?

வித்தியாசம் மழையின் அளவில் இல்லை, மேகத்தின் பிடிவாதத்தில் இருக்கிறது. சென்னையின் ஐப்பசி மழை கொட்டித் தீர்க்கும்; தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்; மறுநாளோ அதற்கு மறுநாளோ சுளீரென்று வெயில் அடிக்கும். புனே மழை அப்படியல்ல. தூறும், நிற்கும், மறுபடி தூறும். வானம் மட்டும் திறக்காது. மே மாதத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம் அடிக்கும் வெயில், ஜூலை, ஆகஸ்டில் சராசரியாக நான்கு மணி நேரத்துக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த நான்கும் ஒரேயடியாக வருவதில்லை. ஐந்து நாள் இருட்டாக இருந்து ஆறாம் நாள் மொத்தமாக வரும்.

புனேவில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை தலைக்கு நேர் மேலே வருகிறான். ஒரு முறை மே மாதத்தின் மத்தியில். இன்னொரு முறை ஜூலை இறுதியில். முதல் முறை வந்தால் எல்லோரும் நிழலுக்கு ஓடுகிறார்கள். இரண்டாம் முறை அவன் வந்து போவதை அநேகமாக யாருமே பார்ப்பதில்லை!

பாணேரில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1997-ல் மாநகராட்சி எல்லைக்குள் வருவதற்கு முன் அது முளா நதிக்கரையில் வயலும் தோட்டமுமாக இருந்த கிராமம். இன்று பத்து மாடி, இருபது மாடி என்று அடுக்ககங்கள் ஒன்றையொன்று மறைத்து நிற்கின்றன. வாடகை கட்டுப்படியாக வேண்டுமே என்று கீழ்த்தளத்தில், பின்பக்கத்து பிளாட்டில் இருப்பவருக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப் லைட் வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டடங்களை எழுப்பும் தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகளுக்கு ஜன்னலே கிடையாது. சாரல் அடிக்கிறது என்று பால்கனியில் பிளாஸ்டிக் படுதா கட்டிவிட்டால், வந்து கொண்டிருந்த கொஞ்ச வெளிச்சமும் போச்சு.

கண் செய்யும் இரண்டாவது வேலை

வெளிச்சத்துக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? கண் என்பது பார்ப்பதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல. விழித்திரையில் உள்ள சில தனிவகை நரம்பணுக்கள், உருவத்தைப் பற்றிக் கவலைப்படாமல், வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் மூளைக்குச் சொல்லிக் கொண்டிருக்கின்றன. இவற்றின் வேலை 2002-ஆம் ஆண்டு வாக்கில்தான் தெளிவாகத் தெரிய வந்தது. மூளையின் அடிப்பகுதியில் நெல்மணி அளவுகூட இல்லாத ஓர் அணுத்திரள் இந்தச் செய்தியை வாங்கிக் கொண்டு, உடம்பின் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது. தூக்கம், பசி, உடல் சூடு எல்லாம் அந்தக் கடிகாரத்தின் சொற்படி நடப்பவை. இருட்டியதும் மெலடோனின் என்ற சுரப்பு ஊறுகிறது. காலை வெளிச்சம் பட்டதும் அடங்குகிறது.

மனிதனுக்கு மங்கிய விளக்கு இதற்குப் போதாது, பகல் வெளிச்சத்துக்கு நிகரான ஒளி வேண்டும் என்பதை ஆல்பிரட் லூயி என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1980-ல் நிரூபித்தார்கள். அந்தச் சமயத்தில் ஹெர்பர்ட் கெர்ன் என்ற பொறியாளர், பல ஆண்டுகளாகத் தம் மனநிலையைக் குறித்து வைத்திருந்த நோட்டுப் புத்தகங்களோடு அவர்களிடம் வந்தார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவர் ஒடுங்கிப் போவார். வசந்தம் வந்ததும் துள்ளி எழுவார். பிரகாசமான விளக்கின் முன் காலையிலும் மாலையிலும் அவரை உட்கார வைத்தார்கள். சில நாட்களில் குணம் தெரிந்தது. அந்தக் குழுவில் இருந்த நார்மன் ரோசெந்தால், வெயில் மிகுந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறி, முதல் குளிர்காலத்திலேயே தமக்கு உற்சாகம் குன்றியதைக் கவனித்தவர். ஊர் மாறி வந்த ஒருவர்தான் இதைக் கவனித்தார் என்பதில் ஆச்சரியமில்லை. 1984-ல் அவரும் மற்றவர்களும் 29 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை, பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் மனச்சோர்வுக்கு ஒரு பெயரைத் தந்தது. அதிகத் தூக்கம், அசதி, அரிசி, மாவு, இனிப்புப் பண்டங்களின் மேல் அடங்காத ஆசை, எடை ஏறுவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

எல்லோரும் இதை ஒப்புக்கொண்டு விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016-ல் அமெரிக்காவில் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசிய ஒரு குழு, பொதுமக்களை மொத்தமாகப் பார்த்தால் மனச்சோர்வுக்கும் பருவத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்று எழுதியது. இன்றைக்கு மருத்துவர்கள் இதைத் தனி நோயாகக் கொள்வதில்லை. மனச்சோர்வு சிலருக்குப் பருவத்தை ஒட்டி வருகிறது என்றுதான் கொள்கிறார்கள். "மழைக்காலச் சோர்வு" என்று ஒரு நோய்ப்பெயரும் அவர்கள் பட்டியலில் இல்லை.

தவிர, மேல்நாட்டாரின் கணக்கை அப்படியே நமக்குப் போடவும் கூடாது. லண்டனில் டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. புனேவில் மிகக் குட்டையான பகலே பதினொரு மணி நேரம். மார்கழி, தை மாதங்களில் இங்கே இட்லி மாவு பொங்காது என்பது உண்மை. காலையில் ஸ்வெட்டர் வேண்டியிருப்பதும் உண்மை. ஆனால் வானம் நீலமாக, வெயில் பொன்னாக இருக்கும். குளிர்காலம் இங்கே மனசுக்கு இதமான காலம். இங்கு மனம் கனக்கும் காலம் என்றால் அது கார்காலம்தான்.

இதை நம் முன்னோர்கள் அறியாமல் இல்லை. தொல்காப்பியம் முல்லைக்குக் கார்காலத்தையும் மாலைப் பொழுதையும் உரியதாக வைத்தது. பிரிந்தவரை நினைத்துக் காத்திருப்பவள் அந்தத் திணைக்கு உரியவள். மேகம் கவிந்த சாயங்காலத்தில் மனம் என்ன ஆகும் என்பது விளக்கும் மெலடோனினும் வருவதற்கு முன்பே தமிழனுக்குத் தெரிந்த சங்கதி.

கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு மாற்றம் புரியாமலே நடந்து விடுகிறது. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். ஆனால் புனே சென்னைக்கு வெகு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே சுமார் 26 நிமிஷம் பின்தங்கித்தான் உச்சிக்கு வருகிறான். தை மாதத்தில் சென்னையில் 6.35-க்கு உதயம் என்றால் புனேவில் ஏழு மணி தாண்டி விடுகிறது. ஜூன் மாதத்தில் சென்னையில் 6.38-க்கு அஸ்தமனம், இங்கே 7.13. மும்பைக்காரர்கள் ஒரு காலத்தில் இதற்காகவே தனிக் கடிகாரம் வைத்திருந்தார்கள். நாட்டின் பொது நேரத்துக்கு 39 நிமிஷம் பின்னே ஓடிய அந்த "பம்பாய் நேர"த்தை அந்த நகரம் 1955 வரையில் விடவில்லை.

இருபது, முப்பது நிமிஷத்தில் என்ன கெட்டுவிடும்? மௌலிக் ஜக்னானி என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் இந்தியக் குழந்தைகளின் தூக்கத்தையே எடுத்துக் கொண்டு கணக்குப் பார்த்தார். பள்ளிக்கூட மணி எங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாக மறையும் இடத்தில் பிள்ளைகள் சுமார் அரை மணி நேரம் குறைவாகத் தூங்குகிறார்கள் என்பது அவர் கண்டது. இந்தப் பாதிப்பு ஏழை வீடுகளில் அதிகம். ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீட்டில், பெரியவர்கள் விளக்கை அணைக்கும் வரை குழந்தை எங்கே தூங்கும்? மழைக்காலத்தில் காலை வெளிச்சமும் குறைந்து போனால், அந்தக் குழந்தையை எழுப்புவது தாய்க்குத் தினசரி யுத்தமாகி விடுகிறது. அது சோம்பேறித்தனம் என்று முதுகில் இரண்டு வைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைக்கலாம்.

மதுரைக் குகையில்

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் என்ற பேராசிரியர் உயிர்களின் உடற்கடிகாரத்தை ஆராயும் ஒரு பரம்பரையையே உருவாக்கினார். வெளியுலகத் தொடர்பும் கடிகாரமும் இல்லாத தனியறையில் மனிதர்களைப் பல நாட்கள் இருக்கச் செய்து அவர்களுடைய தூக்கமும் விழிப்பும் எப்படி நகர்கின்றன என்றும் அங்கே பார்த்தார்கள். சூரியனைக் காணாத மனிதனின் நாள் 24 மணிக்கு மேல் நீண்டு, மெல்ல மெல்ல நழுவிக் கொண்டே போகும்.

அவர்கள் செய்த இன்னொரு சோதனை அதைவிடச் சுவையானது. மதுரைப் பக்கத்துக் குகை ஒன்றில், வெளிச்சமே எட்டாத இடத்தில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். அதே குகையில் மற்ற வௌவால்கள் வழக்கம்போல அந்தியில் வெளியே போய் விடியலில் திரும்பி வந்து கொண்டிருந்தன. இருட்டில் அடைபட்ட வௌவால் அந்தக் கூட்டத்தின் போக்குவரத்தைக் கொண்டே நேரம் தவறாமல் இருந்தது. கூட்டம் இல்லாத குகையில் வைத்தபோதோ, அதன் கடிகாரம் தன்போக்கில் நழுவத் தொடங்கிவிட்டது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகிய மூவரும் 1981-ல் இதை வெளியிட்டார்கள்.

மனிதன் வௌவால் அல்ல. அவனுக்கு வெளிச்சமே முதல் கடிகாரம். என்றாலும், ஒன்றாக எழுந்து ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாக விளக்கணைக்கும் வீடு மழைக்காலத்தைக் கொஞ்சம் லேசாகத் தாண்டுவதைக் காணலாம். இரவு ஷிப்டுக்குப் போகிறவர் உள்ள வீட்டில் இது கஷ்டம்தான். பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்சாலைகளிலும் ஹிஞ்சவாடி கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும், அவற்றின் வாசலில் காவலுக்கு நிற்பவர்களிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர். அவர் தூங்கும் பகலில் வீடு முழுக்கத் திரை போட்டு, மற்றவர்களும் இருட்டில் நடமாடுவதைவிட, அவர் படுக்கும் அறைக்கு மட்டும் கறுப்புத் துணி கட்டுவது மேல்.

அதிகம் படுபவர்கள் யார்?

வேலைக்குப் போகிறவருக்கு பஸ் ஸ்டாப் வரையாவது வானம் கிடைக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் கிடைக்கிறது. நாள் முழுவதும் நான்கு சுவருக்குள் இருப்பவர்கள் இரண்டு பேர்: கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து சேர்ந்த இளம் பெண், பேரக்குழந்தையைப் பார்த்துக் கொள்ள வரவழைக்கப்பட்ட பெரியவர்.

பெரியவரின் நிலைமையைச் சொல்லி மாளாது. கோடை விடுமுறையில் வந்தவர், "மழை முடிந்ததும் போகலாம்" என்று தங்க வைக்கப்படுகிறார். திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ காலையில் எழுந்தால் வாசல், திண்ணை, டீக்கடை, கோயில் என்று அவர் அறியாமலே இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் இருந்தவர். இங்கே லிப்டில் இறங்கத் தயக்கம், மராத்தி தெரியாது, தரை வழுக்கும் என்று மகன் போக விடுவதில்லை. தூக்கம் பகலில் வந்து இரவில் போய்விடுகிறது. சாப்பாட்டில் குறை சொல்லத் தொடங்குகிறார். "அப்பா மாறிவிட்டார்" என்று வீட்டில் பேச்சு வருகிறது. மாறியது அப்பா மட்டுமா?

கட்கி, ராஸ்தா பேட்டை போன்ற இடங்களில் பாதுகாப்புத் துறை ஆலைகளிலும் கணக்கு அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த தலைமுறைத் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. பக்கத்து வீட்டில் தமிழ் கேட்கும். மழை விட்ட நேரத்தில் நாலு பேர் தெருவில் நின்று பேசுவார்கள். பாணேர் அடுக்ககத்தில் எதிர் பிளாட்டில் யார் இருக்கிறார் என்பதே தெரியாது.

ஒருவருடைய சோர்வு வீட்டில் ஒருவரோடு நிற்பதுமில்லை. மிர்னா வைஸ்மன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரின் குழு 151 தாய்மார்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து 2006-ல் எழுதியது. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக் கொண்ட தாய் மூன்று மாதத்தில் தேறியபோது, எந்தச் சிகிச்சையும் கொடுக்காமலே பிள்ளையின் மனநிலையும் சீரானது. தாய் தேறாத வீடுகளில் பிள்ளைகளின் நிலை மோசமாயிற்று. "எனக்கு என்ன, நான் சமாளித்துக் கொள்வேன்" என்று மாதக் கணக்கில் பல்லைக் கடித்துக் கொண்டிருக்கும் இல்லத்தரசிகளும், அவர்களைப் பார்த்தும் பார்க்காமல் இருக்கும் கணவன்மார்களும் இதைப் படிக்க வேண்டும்.

காசு செலவில்லாத வைத்தியம்

மேல்நாட்டில் இதற்கென்று பத்தாயிரம் லக்ஸ் ஒளி தரும் பெட்டிகள் விற்கிறார்கள். காலையில் அரை மணி நேரம் முன்னே உட்கார வேண்டும். புனேவில் அதற்காகக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. வீட்டு டியூப் லைட்டின் வெளிச்சம் நூறு முதல் முந்நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கிறது. கண்ணுக்கு இருட்டாகத் தோன்றும் அந்த வானம், நம் கூடத்து விளக்கைவிடப் பத்து, இருபது மடங்கு பிரகாசம்! ஆகவே தூறல் விட்ட நேரத்தில், காலை எட்டு மணிக்குள் அரை மணி நேரம் வெளியே நடப்பதே முதல் மருந்து. துக்காய் குன்றுப் பாதை மழையில் வழுக்கும். வயதானவர்கள் குடியிருப்பு வளாகத்துக்குள் நடந்தால் போதும். நடக்க முடியாதவர் படுதாவை அவிழ்த்துவிட்டுப் பால்கனியில் நாற்காலி போட்டுக் காப்பியைக் குடிக்கலாம். குடையோடு பிள்ளையைப் பள்ளி பஸ் வரை கொண்டு விடும் பொறுப்பைப் பெரியவரிடம் கொடுத்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

வைட்டமின் டி மாத்திரையை விழுங்கினால் மனம் தெளியும் என்று சிலர் சொல்வதுண்டு. எலும்புக்கு அது வேண்டும்; குறைவு இருந்தால் மருத்துவர் தருவார். ஆனால் அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஐந்தாண்டுகள் கொடுத்துப் பார்த்ததில், மனச்சோர்வு வருவதை அது தடுக்கவில்லை என்று 2020-ல் அறிவித்தார்கள்.

எல்லாவற்றையும் மேகத்தின் தலையில் போட்டுவிடவும் கூடாது. கடனும் வேலைபோன கவலையும் குடியும் வெயில் வந்தால் தீராது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, அழுகை முட்டிக் கொண்டே இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை. சசூன் பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மொழிக்குத் தயங்குகிறவர்களுக்கு மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவி உண்டு. எண் 14416; கட்டணமில்லை; இரவிலும் எடுப்பார்கள்; தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வீட்டில் யார் வாயிலாவது வந்தால், அதைக் கோபப் பேச்சு என்று ஒதுக்காமல் அன்றைக்கே அழைக்க வேண்டும்.

ஆவணி வந்தால் மராத்தியரின் சிராவணம் நடந்து கொண்டிருக்கும். மழைக்கு நடுவே மஞ்சள் வெயில் எட்டிப் பார்க்கும் மாதம் அது. பிள்ளையார் சதுர்த்தி வந்து தெருவெல்லாம் விளக்கும் மேளமுமாக ஆகிவிடும். அக்டோபர் முதல் பாதியில் பருவமழை புனேயை விட்டு விலகும். பால்கனிகளில் போர்வையும் தலையணையும் வரிசையாகக் காயும். ஊருக்குப் போகத் துடித்த பெரியவர் அப்போதுதான் ரயில் டிக்கெட் வாங்கச் சொல்வார். தீபாவளிக்கு அவர் போய் இறங்கும் சமயம், அங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும்.